மணி அடிச்சா கையை எடுக்கணும்

டிஸ்கி: இது ஒரு கத்தோலிக்கப் பொட்டிதட்டி எழுதுற பதிவு. நான் இறையியல் படிச்சவன் இல்லை, படிச்சது பொறியியல். "சாமி சமாச்சாரம் நமக்கு ஒத்து வராது"ன்னு நினைக்கிறவங்களும் தாராளமா உள்ள வரலாம். நடுவுல ஆபீஸ் புலம்பல் நிறைய இருக்கு :-) பதிவு கொஞ்சம் நீளம்.

"வேலையே ஜெபம்."

இந்த ரெண்டு வார்த்தையை நான் ரெண்டு இடத்துல கேட்கிறேன். ஒண்ணு, தவக்காலத் தியானத்துல பிரசங்கம் வைக்கிற சாமியார் வாயிலிருந்து (எங்க ஊர்ப் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்லுவோம்). இன்னொண்ணு, ஆபீஸ்கள்ல காபி மெஷின் பக்கத்துல ஒட்டியிருக்கிற போஸ்டர்ல, "வொர்க் இஸ் வொர்ஷிப்"னு, சூரியன் உதிக்கிற படத்தோட. சாமியாரும் எச்.ஆரும் ஒரே வசனம் பேசினா எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ரெண்டு பேருல யாரோ ஒருத்தர் வசனத்தைப் பாதியில நிறுத்தியிருக்கணும், இல்லையா?

என் கருத்து இதுதான்: அன்றாட வேலை ஜெபமாக முடியும். ஆனா அந்த வேலையை நடுவுல நிறுத்தத் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் முடியும். நிறுத்தவே முடியாத வேலை ஜெபம் இல்லை. அது வெறும் ஆணி. நாம புடுங்கிக்கிட்டே இருக்கிற ஆணி.

முதல்ல அந்த வசனத்துல இருக்கிற உண்மையைப் பார்த்துடலாம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பூசை ஒரு மணி நேரம் (சாமியார் பிரசங்கத்துல உற்சாகமாயிட்டா ஒண்ணரை). கடவுள் அந்த ஒரு மணி நேரத்துல மட்டும்தான் கிடைப்பார்னா மிச்சம் 167 மணி நேரத்தை என்ன செய்யறது? டிராபிக், ஸ்டாண்டப் மீட்டிங், துணி துவைக்கிறது, கரண்ட் பில், தூக்கம் - இதுதானே வாழ்க்கை? இதெல்லாம் கணக்கில் வராதுன்னு சொன்னா, வாழ்க்கையே கணக்கில் வராதுன்னு அர்த்தம்.

திருச்சபை அப்படிச் சொல்லவும் இல்லை. நம்ம வழிபாட்டு ஆண்டையே பாருங்க. திருவருகைக்காலம், கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், பாஸ்கா எல்லாம் போக, 33 அல்லது 34 வாரம் "பொதுக்காலம்". ஆண்டின் பெரும் பகுதி அதுதான். சாமியார் பச்சை உடுப்பு போட்டுக்கிட்டு வர்ற, தேரும் கொடியேற்றமும் இல்லாத வாரங்கள். விசேஷமே இல்லாத காலத்துக்கும் ஒரு பேர் வச்சு, அதுக்கு ஒரு நிறமும் கொடுத்து, அதைத்தான் ஆண்டில் அதிகமா வச்சிருக்காங்க.

இன்னும் ஒரு கணக்கு. இயேசு வெளியே வந்து போதிக்க ஆரம்பிச்சப்ப அவருக்கு ஏறக்குறைய முப்பது வயசுன்னு லூக்கா எழுதுறார். அதுக்கப்புறம் மூணு வருஷம்னு வழக்கமா கணக்குச் சொல்லுவாங்க. முப்பது வருஷம் நாசரேத்துல தச்சு வேலை, மூணு வருஷம் ஊழியம். பன்னிரண்டு வயசுல கோவிலில் காணாமப் போனதைத் தவிர, குழந்தைப் பருவத்துக்குப் பிறகான அந்த நீண்ட காலத்தைப் பத்தி நற்செய்திகள்ல சம்பவமே கிடையாது. பத்துல ஒன்பது பங்கு வாழ்க்கையில் எழுதி வைக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலை! நம்ம ரெஸ்யூம்ல இப்படி ஒரு இடைவெளி இருந்தா இண்டர்வியூல தொலைச்சு எடுத்திருப்பாங்க.

பூசையிலும் இதே சங்கதிதான். பீடத்துக்கு நாம கொண்டு போறது கோதுமையும் திராட்சையும் இல்லை, அப்பமும் இரசமும். அதாவது யாரோ அரைச்சு, பிசைஞ்சு, சுட்டு, பிழிஞ்சு, புளிக்க வச்சது. மனுஷன் கை படாத பொருளை வச்சு நற்கருணை கிடையாது. காணிக்கை ஜெபத்துலயே மனித உழைப்பைச் சொல்லித்தான் ஒப்புக்கொடுக்கிறாங்க. பல வருஷமா கேட்டுக்கிட்டே எழுந்து நிக்கிற இடம் அது, ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்க.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல திருச்சபை பத்தி வெளியிட்ட ஆவணத்துல ஒரு முழு அதிகாரமே இதுக்குத்தான். புனிதம்கிறது சாமியாருக்கும் கன்னியாஸ்திரிக்கும் மட்டும் இல்லை, எல்லாருக்குமான அழைப்புன்னு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ல அதையே இன்னும் இறக்கி, கடைக்குப் போற ஒரு அம்மா, வழியில புறணி பேசாம வர்றது, களைப்பா இருந்தாலும் பிள்ளை பேசுறதை உட்கார்ந்து கேட்கிறதுன்னு உதாரணம் கொடுத்து எழுதினார்.

ஆக, சாமியார் சொல்ற பாதி சரி. இனி, சொல்லாம விடுற பாதி.

"உழைப்பும் ஜெபமும்"னு பேச்சு வந்தாலே புனித ஆசீர்வாதப்பரை, அதான் பெனடிக்டை இழுப்பாங்க. "ஜெபம் செய், உழை"ன்னு ஒரு லத்தீன் வாசகம் அவர் பேருல பள்ளிக்கூடச் சுவரெல்லாம் இருக்கும். ஆனா அந்த வாசகம் அவர் எழுதின சட்டநூல்ல கிடையாது, பின்னாடி வந்தது. ஆறாம் நூற்றாண்டுல அவர் எழுதினதுல நிஜமா இருக்கிறது அதைவிடச் சுவாரசியம்.

31-வது அதிகாரத்துல, மடத்தின் பண்டகசாலையைப் பார்த்துக்கிற துறவிக்கு ஒரு கட்டளை. மடத்துல இருக்கிற பாத்திரம், கருவி எல்லாத்தையும் பீடத்தில் வைக்கிற திருப்பாத்திரங்களைப் போலவே நினைக்கணும்னு. மண்வெட்டியும் பூசைக் கிண்ணமும் ஒண்ணு. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. அடுத்து 43-வது அதிகாரத்துக்கு வாங்க. ஜெப நேரத்துக்கான அடையாள ஒலி கேட்ட உடனே, கையில என்ன இருந்தாலும் அப்படியே போட்டுட்டு வேகமா வரணும், ஜெபத்துக்கு மேலா எதையும் வைக்கக் கூடாதுன்னு. இதை ஆபீஸ் போஸ்டர்ல நான் பார்த்ததே இல்லை :-)

அவருக்கும் முன்னாடி, எகிப்து பாலைவனத் துறவிகளைப் பத்தி எழுதின ஜான் காசியன் ஒரு விவரம் சொல்றார். நூல் எழுதிக்கிட்டிருக்கிற துறவி, கதவு தட்டுற சத்தம் கேட்டா, எழுத ஆரம்பிச்ச எழுத்தைக் கூட முடிக்க மாட்டாராம். சுழி பாதியில நிக்கும், எழுந்துடுவார். செமிகோலன் போடாம எழுந்து போற புரோகிராமரை உங்களால கற்பனை பண்ண முடியுதா? "ஒரே நிமிஷம், இந்தப் பில்டு மட்டும் முடியட்டும்"னு ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிற ஜாதி நாம.

அந்தப் பாதி எழுத்தைப் பத்தி நான் அடிக்கடி யோசிக்கிறதுண்டு. அவர் வேலையை மதிக்காதவர் இல்லை. அந்தக் காலத்துல ஒரு நூலைப் பிரதி எடுக்கிறது எவ்வளவு பெரிய வேலை! ஆனா இந்த வேலை என்னால நடக்கலை, நான் இல்லாமலும் உலகம் சுத்தும், முடிக்கிறது என் கையில இல்லைன்னு அந்தப் பாதி எழுத்து அவருக்கு ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கும். பாதியில விட முடியுதுன்னா வேலை நம்ம கையில இருக்கு. விட முடியலைன்னா நாம வேலையின் கையில இருக்கோம். இதுக்கு மேல எனக்கு விளக்கத் தெரியலை.

சமையலறைத் துறவி சகோதரர் லாரன்ஸ் கதையும் பாதிதான் சொல்லப்படுது. பதினேழாம் நூற்றாண்டு, பாரிஸ் கார்மேல் மடம். முன்னாள் சிப்பாய். மடத்துச் சமையலறையில வருஷக்கணக்கா வேலை, அப்புறம் செருப்பு தைக்கிறது. பாத்திரங்களுக்கு நடுவுலயும் கடவுளோட இருந்தவர். 1691-ல இறந்த பிறகு அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்துப் போட்டாங்க. "பாருங்க, அவர் மாதிரி வேலையை நேசிங்க"ன்னு நமக்குச் சொல்லுவாங்க. ஆனா அவருக்குச் சமையலறை வேலை இயல்பிலேயே பிடிக்காதுன்னு அதே புத்தகத்துல இருக்கு! பிடிச்ச வேலை, பேஷன், அர்த்தமுள்ள கெரியர் எதுவும் அவருக்குத் தேவைப்படலை. பிடிக்காத வேலையைப் பிடிச்ச ஒருத்தருக்காகச் செஞ்சார், அவ்வளவுதான். இது எனக்குப் பெரிய ஆறுதல். பழைய ஜாவா கோடு ஒண்ணை நான் மூணு வருஷமா மெயின்டெயின் பண்றேன். அதை யாராலும் நேசிக்க முடியாது, சத்தியமா.

இனி எங்க ஊருக்கு வரேன்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கிராமம் எனக்கு. அப்பா கடல் தொழில். எங்க கடற்கரைக் கத்தோலிக்க ஊர்கள்ல ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போறதில்லை. கரையில படகு வரிசையா நிக்கும். கடல் தொழில்ல மாசச் சம்பளம் கிடையாது. போனாத்தான் காசு, போனாலும் பாடு கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை. சனிக்கிழமை வலை நிறைய மீன் பட்டிருக்கும், ஞாயிறும் அதே இடத்துல மீன் நிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். டீசல் கடன் இருக்கும், வட்டி ஓடும். ஆனாலும் படகு கரையில. நல்லா யோசிச்சா இது எவ்வளவு பெரிய தைரியம்!

அவங்க பிள்ளை நான், பி.எஃப், இன்சூரன்ஸ், மாசம் பொறந்தா சம்பளம்னு சகலமும் உள்ளவன், ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்துல போனை வைப்ரேஷன்ல போட்டு பாக்கெட்டுல தொட்டுக்கிட்டே இருக்கணும்னு எதிர்பார்க்கப்படறேன். முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) குருத்து ஞாயிறு அன்னிக்கு ரிலீஸ் வச்சாங்க. "எப்படியும் உங்களுக்குக் காலையிலதானே சர்ச், நாங்க மதியம்தான் ஆரம்பிக்கிறோம்"னு மேலாளர் பெருந்தன்மையாச் சொன்னார். மதியம் ஆரம்பிச்சது திங்கள் விடியக்காலை வரைக்கும் போச்சு. நாள் காட்டியில சிவப்பு எழுத்துல இருக்கிறதை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்கிற நினைப்பு, வேலை கொடுக்கிறவருக்கும் வாங்கிக்கிறவருக்கும் ஊறிப் போச்சு.

இங்கதான் "வேலையே ஜெபம்"ங்கிற வசனம் ஆபத்தாகுது. வேலையே ஜெபம்னா தனியா ஜெபம் எதுக்கு? வேலையே வழிபாடுன்னா ராத்திரி பதினோரு மணிக்கும் "வழிபட்டா" என்ன தப்பு? லாகின் பண்ணு! இரண்டாம் ஜான் பால் 1981-ல உழைப்பைப் பத்தியே ஒரு சுற்றுமடல் எழுதினார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்துல கிராக்கோவில் கல் குவாரியிலும் ரசாயனத் தொழிற்சாலையிலும் கூலி வேலை பார்த்த மனுஷன் அவர். ஏட்டறிவு இல்லை. அவர் சொன்னதின் சாரம்: மனுஷனுக்காகத்தான் உழைப்பு, உழைப்புக்காக மனுஷன் இல்லை. அந்தச் சுற்றுமடல்லேயே, கடவுள் ஆறு நாள் வேலை செஞ்சதை மட்டும் இல்லை, ஏழாம் நாள் ஓய்ந்ததையும் சேர்த்துத்தான் நாம பின்பற்றணும்னு வருது. கடவுளே நிறுத்தினார்னு நம்பறவங்க நாம. நமக்கு மட்டும் என்ன அவசரம்?

சரி, நிறுத்துறது எப்படி? எனக்கு இதைப் புரிய வச்சது சாமியார் இல்லை, எங்க டீம்ல இருக்கிற ஒரு முஸ்லிம் நண்பர். வெள்ளிக்கிழமை மதியம் அவர் காலண்டர் பூட்டு. ஜும்மா. எந்த மீட்டிங் ஆனாலும், "நான் கிளம்பறேன், அப்புறம் பார்க்கலாம்"னு சிரிச்சுக்கிட்டே எழுந்துடுவார். மன்னிப்பு கேட்க மாட்டார், விளக்கம் சொல்ல மாட்டார். யாரும் ஒண்ணும் சொன்னதில்லை, புராஜெக்ட்டும் மூழ்கலை. ஒரு நாள் டீக்கடையில கேட்டார், "உங்களுக்கு அப்படி நடுவுல நிறுத்தற மாதிரி எதுவும் கிடையாதா பாஸ்?"

கிடையாதா! மூவேளை ஜெபம்னு ஒண்ணு நமக்கு இருக்குங்க. காலை, மதியம், மாலைன்னு மூணு தடவை கோயில் மணி. எங்க ஊர்ல இன்னும் அடிக்குது. மணி அடிச்சா நடந்துக்கிட்டு இருக்கிறவங்க நிப்பாங்க, மீன் வெட்டிக்கிட்டு இருக்கிற பெண்கள் கத்தியை வச்சுட்டுச் சிலுவை போடுவாங்க. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1850-களின் கடைசியில வரைஞ்ச படம் ஒண்ணு உலகப் புகழ். உருளைக்கிழங்கு வயல்ல கணவனும் மனைவியும் வேலையைப் பாதியில விட்டுட்டுத் தலை குனிஞ்சு நிப்பாங்க. முள்கரண்டி மண்ணுல குத்தினபடி, கூடை கீழே. அந்த ஜெபம்தான் இது.

அந்த ஜெபம் எதை நினைவுபடுத்துது? ஒரு சாதாரண ஊர்ல, ஒரு சாதாரணப் பெண்ணைத் தேடித் தூதர் வந்ததை. அப்போ மரியா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்கன்னு நற்செய்தியில் இல்லை. மேற்கத்திய ஓவியர்கள் பலர் கையில புத்தகம் கொடுத்து வரைஞ்சாங்க. கிழக்கத்திய திருவோவியங்கள்ல கையில நூலும் கதிரும் இருக்கும், நூல் நூற்றுக்கிட்டு இருந்தாங்கன்னு ஒரு பழைய மரபு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. நூலைக் கீழே வச்சாங்களே, அது முக்கியம். "இந்தக் கண்டு முடியட்டும், அப்புறம் வாங்க"ன்னு சொல்லலை.

கம்ப்யூட்டர் பாஷையில சொன்னா இது இண்டரப்ட். புராசஸர் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாலும் இண்டரப்ட் வந்தா நிலைமையைச் சேமிச்சுட்டு, வந்த விஷயத்தைக் கவனிச்சுட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பும். இண்டரப்ட்டையே எடுத்துக்காத புராசஸர் ரொம்ப உழைப்பாளி இல்லை, அது ஹேங் ஆகியிருக்கு :-)

இப்போ மதியம் பன்னிரண்டுக்கு என் போன்ல சின்னதா ஒரு மணி. ஓ.எம்.ஆர்ல கோயில் மணி எங்க கேட்கும்? கண்ணாடி ஜன்னலைத் திறக்கவே முடியாது. கீபோர்டுலேர்ந்து கையை எடுத்து மடியில வச்சுக்குவேன். ரெண்டு நிமிஷம். அவ்வளவுதான். ஆனந்தமோ காட்சியோ எதுவும் இதுவரை வரலை, வரும்னும் எதிர்பார்க்கலை. ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துக்கு அப்புறம் எழுதுற கோடு ரிவ்யூ கமெண்ட்ல ஒரு வித்தியாசம் இருக்கு. எதிர்ப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான், போன மாசம்தான் சேர்ந்தவன், அவனும் யாரோ பெத்த பிள்ளைன்னு ஞாபகம் வருது. மணி எனக்குச் செய்யறது இதுதான். ஆளை ஞாபகப்படுத்துறது.

ராத்திரி கம்பெனி பஸ்ல இன்னொரு நிறுத்தம். இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை. சோதனைன்னதும் பாவப் பட்டியல்னு நினைச்சுடாதீங்க, அவர் முதல் படியா வைக்கிறது நன்றி. அன்னிக்குக் கிடைச்சதுக்கெல்லாம் முதல்ல நன்றி சொல்லிட்டு, அப்புறம் நாளை மணிக்கு மணி ஓட்டிப் பார்க்கிறது. நம்ம பாஷையில லாக் படிக்கிறது. எரரை மட்டும் வடிகட்டிப் படிக்காம, நல்லா நடந்ததையும் படிக்கணும். மழையில நனையாம பஸ் ஏறினது, செக்யூரிட்டி அண்ணன் "என்ன தம்பி, முகம் வாடியிருக்கு"ன்னு கேட்டது. சோழிங்கநல்லூர் சிக்னல்ல ஆரம்பிச்சா மத்திய கைலாஷ் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும். டிராபிக்குக்கும் ஒரு உபயோகம் வேண்டாமா?

ஈஸ்டர் திருவிழிப்பு ராத்திரிக்கு அந்த நண்பர்தான் என் ஆன்-காலை எடுத்துக்கறார். ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் அவருடையதை நான் எடுத்துக்கறேன். தீபாவளிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து மத்தவங்களுக்குப் பார்த்துக்கறோம். எந்தப் பாலிசியிலும் இது எழுதப்படலை. ஒருத்தன் நிறுத்தணும்னா இன்னொருத்தன் தோள் கொடுக்கணும்.

அந்தக் கடைசி வரியிலதான் விஷயமே இருக்கு. அதுக்கு மறுபடியும் எங்க ஊருக்குப் போகணும்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போறதில்லைன்னு பெருமையாச் சொன்னேன் இல்லையா? படகு நிக்கும், வலை நிக்கும், ஆண்கள் பூசை முடிஞ்சு நிழல்ல உட்கார்ந்து அரட்டை அடிப்பாங்க. அடுப்பு நிக்குமா? நிக்காது. அன்னிக்குத்தான் டபுள் வேலை. காலையில முதல் பூசைக்கு ஓடிப் போயிட்டு வந்து, கறி எடுத்து, தேங்காய் அரைச்சு, விருந்தாளிக்கும் சேர்த்து வடிச்சு, மதியம் மூணு மணிக்குப் பாத்திரம் தேய்ச்சு முடிக்கும்போது எங்க அம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்கும். ஒருதடவை கேட்டேன். "எனக்கு என்னத்த மக்களே ஞாயித்துக்கிழமை, எல்லாம் ஒரே கிழமைதான்"னு சிரிச்சாங்க.

தாய்மாரோட அன்றாட உழைப்பே தவம், அடுப்படியே அவங்க பீடம்னு பிரசங்கம் வைக்கும்போது கோயில்ல எல்லாரும் தலையாட்டுவாங்க. நான் ஆட்ட மாட்டேன். அம்மா செய்யறது ஜெபம்தான், அதுல சந்தேகம் இல்லை. ஆனா மத்தவங்க கை கட்டிக்கிட்டுச் சாப்பிட உட்காரும்போது அதைப் புனிதம்னு புகழ்றது, ராத்திரி பதினோரு மணிக்கு என்னை லாகின் பண்ணச் சொல்லிட்டு "வொர்க் இஸ் வொர்ஷிப்"னு சொல்ற மேலாளர் செய்யறதேதான். தன் உழைப்பை ஒருத்தர் தானா ஒப்புக்கொடுத்தா அது காணிக்கை. அடுத்தவர் உழைப்பை நாம எடுத்து ஒப்புக்கொடுக்கக் கூடாது.

மார்த்தா, மரியா கதையும் எனக்கு இப்படித்தான் படுது. மார்த்தா தனியாக் கிடந்து அல்லாடுறாங்க, மரியா ஆண்டவர் காலடியில. எது சிறந்ததுன்னு ரெண்டாயிரம் வருஷமாப் பிரசங்கம். அந்த வீட்டுக்கு வந்த ஆம்பளைங்கள்ல ரெண்டு பேர் எழுந்து காய் நறுக்கியிருந்தா மார்த்தாவும் வந்து உட்கார்ந்திருக்கலாமேன்னு யாராவது பிரசங்கம் வச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?

பெனடிக்ட் இதையும் யோசிச்சிருக்கார்ங்கிறதுதான் ஆச்சரியம். அவர் சட்டநூல் 35-வது அதிகாரம்: சமையலறை வேலை யாருக்கும் நிரந்தரம் இல்லை, வாரமுறை. நோயாளிகளும் மடத்தின் முக்கியப் பொறுப்புல இருக்கிற சிலரும் தவிர யாருக்கும் விலக்கு இல்லை. முறை முடிக்கிறவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைச்சுப் போடணும். முடிக்கிறவரும் ஆரம்பிக்கிறவரும் சேர்ந்து எல்லார் பாதத்தையும் கழுவணும். ஞாயிறு காலை ரெண்டு பேருக்கும் ஜெபக்கூடத்துல எல்லார் முன்னாடியும் ஆசீர். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆன்-கால் ரோட்டா, ஹேண்டோவர் சகிதம்! எல்லாராலும் மணிக்கு எழுந்து போக முடிஞ்சதுக்குக் காரணம் அந்த ரோட்டாதான். மணி அடிக்கிறது சுலபம், எல்லாரும் கையை எடுக்கிற மாதிரி வேலையைப் பங்கு போடறதுதான் கஷ்டம்.

ஆகவே என்னைப் பொறுத்தவரை அன்றாடத்துல கடவுளைத் தேடறதுன்னா மனசுக்குள்ள நடக்கிற சமாச்சாரம் மட்டும் இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது பரவசமா இருக்கப் பழகுறதுக்கு முன்னாடி, அந்தப் பாத்திரத்தைத் தினமும் யார் தேய்க்கிறாங்கன்னு பார்க்கணும். நான் நிறுத்திட்டு ஜெபம் பண்றப்ப யாரோட கை நிக்காம ஓடுதுன்னு பார்க்கணும். ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு ஞாயிறு லீவு உண்டா? நான் ஞாயிறு காலை பூசைக்குப் போயிட்டு வந்து மதியம் ஆப்ல பிரியாணி ஆர்டர் பண்ணா, கொண்டு வர்ற தம்பிக்கு எப்போ ஞாயிறு? இந்தக் கேள்விகளுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லை. ஆனா இந்தக் கேள்வி வராத ஆன்மீகம், ஏ.சி ரூம்ல கண்ணை மூடிக்கிட்டு மூச்சை எண்ணுற ஆபீஸ் தியான வகுப்புதான். அங்க உங்களை நிறுத்தச் சொல்றதே, நிறுத்தினா அப்புறம் இன்னும் வேகமா ஓடுவீங்கங்கிறதுக்காக.

எங்க வீட்டுல ஒரு சின்ன ஏற்பாடு. நான் ஊருக்குப் போற ஞாயிறுகள்ல கறி அப்பாவும் நானும். தங்கல் போகும்போது படகுலயே பத்து பேருக்குச் சமைக்கிற மனுஷன் அவர், வீட்டு அடுப்பு பக்கம் மட்டும் அவருக்கு வழி தெரியாம இருந்தது! இப்போ மீன் குழம்பு அவர் கையால. அம்மா ரெண்டாம் பூசைக்கு நிதானமாப் போய், வெளியே வந்து தோழிகளோட அரை மணி நேரம் பேசிட்டு வர்றாங்க. "உப்பு கூடுதல்"னு தவறாம குறை சொல்றாங்க. அதுவும் ஞாயிறு சந்தோஷத்துல ஒரு பகுதிதான்னு நாங்க எடுத்துக்கிட்டோம். நான் சென்னையில இருக்கிற ஞாயிறுகள்ல அப்பா தனியா எத்தனை தடவை வைக்கிறார்ங்கிறது விசாரணையில் உள்ளது :-)

மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து தாளிங்க. குறிப்பா, உங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை யாருக்கு விடுமுறை, யாருக்கு இல்லைன்னு எழுதுங்க. பன்னிரண்டாகப் போகுது. வரட்டா?